ஊசி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்

கொக்கி ஊசியால் துணியில் பூத்தையல் போடும் ஆரி வேலைப்பாடு பற்றி இணையத்தில் எழுத ஆரம்பித்து மூன்று வருடம் கழித்துத்தான் விற்பனை என்ற எண்ணமே எனக்கு வந்தது. டிரேஸ் பேப்பரில் டிசைனை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்க நெருக்கமாகக் குத்தி, துணி மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைப் பஞ்சால் தேய்த்தால் துணியில் புள்ளிப் புள்ளியாக டிசைன் இறங்கும். இதைப் படம் படமாக எடுத்துப் போட்ட பதிவைத்தான் நிறையப் பேர் படித்தார்கள். இத்தனை பேர் படிக்கிறார்களே, நான் தைத்ததை வாங்கவும் செய்வார்கள் என்று நம்பி எட்டு ஜோடி பிளவுஸ் கைகளுக்கு ஆரி வேலை தைத்து வைத்தேன். ஐந்து மாதத்தில் விற்றது ஒரு ஜோடி. அதையும் எங்கள் சொந்தத்தில் ஒருவர்தான் வாங்கினார்.

மனசு விட்டுப்போனது உண்மை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து, அதுவரை எனக்கு வந்திருந்த கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். தைத்த துணிக்கு விலை கேட்டவர்கள் நான்கு பேர். “அக்கா, இந்த ஊசி எங்கே கிடைக்கும்?” என்று கேட்டவர்கள் அறுபது பேருக்கு மேல். என்னிடம் வந்தவர்கள் தாங்களே தைக்க ஆசைப்பட்டவர்கள். அவர்களிடம் போய்த் தைத்ததை நீட்டியிருக்கிறேன். இணையத்தில் எழுதிக்கொண்டே ஏதாவது விற்கலாமா என்று யோசிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த நோட்டு வேலையைத்தான். பொருளை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

நான் இருப்பது மதுரை. கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கிவிடுவேன். சின்ன ஊரில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது முடியாது. சென்னை சௌகார்பேட்டையில் மலிவுதான், ஆனால் மொத்த விலைக் கடையில் ஒரே ஒரு ஊசி கேட்டால் யார் தருவார்கள்? அதனால் கால் வைத்த வளைய ஃப்ரேம், ஊசி, நான்கு நிற சில்க் த்ரெட், பீட்ஸ், சமிக்கி, டிசைன் அச்சிட்ட துணி எல்லாம் சேர்த்து ஒரு கிட். கற்றுக்கொடுப்பதை இன்றும் இலவசமாகத்தான் எழுதுகிறேன். அலைச்சலைக் குறைப்பதற்கு மட்டும் காசு.

ஊசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆரி ஊசியின் நுனியில் இருக்கும் கொக்கி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதில் சின்னப் பிசிறு இருந்தாலும் மேலே வரும்போது துணியைப் பிடித்து இழுக்கும், நூல் அறுந்துபோகும். புதிதாகக் கற்பவர்கள் தங்களுக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஊசியிலும் பழைய பட்டுத் துணியில் நான்கு சங்கிலித் தையல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கிறேன். ஒரு டஜனில் இரண்டு மூன்று கழிந்துவிடும். கழிவதையும் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும்.

விலை விஷயத்தில் பலமாக அடி வாங்கினேன். பொருட்கள் 410 ரூபாய், பெட்டி, டேப், அச்சுச் செலவு 50. விலை 599, டெலிவரி இலவசம் என்று அறிவித்தேன். கிட்டின் எடை ஒரு கிலோவுக்குள்தான், கூரியருக்கு 80 ரூபாய் ஆகும் என்பது என் கணக்கு. முதல் 20 கிட்டுக்கு பில் வந்தபோது ஒவ்வொன்றுக்கும் மூன்று கிலோவுக்கு மேல் போட்டிருந்தார்கள். சண்டைக்கே போய்விட்டேன். அங்கிருந்த தம்பி பொறுமையாக விளக்கினார். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அந்த எடை, தராசு காட்டும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். என் பெட்டி 32, 32, 15. கணக்குப் போட்டால் 3.07 கிலோ. அதாவது காற்றை அனுப்பக் காசு கட்டியிருக்கிறேன். ஃப்ரேமின் கால்களைக் கழற்றி மாட்டும்படி தச்சரிடம் சொல்லி மாற்றிய பிறகு உயரம் 5 சென்டிமீட்டர் ஆனது, எடை 1.02. பெட்டியை அளக்காமல் டெலிவரி இலவசம் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று, நம் நேரம். ஒரு கிட்டுக்கு பீட்ஸ் பிரித்துக் கட்ட எனக்கு 50 நிமிடம் ஆகிறது. வீட்டில் இருந்துதானே செய்கிறோம் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். நான் சேர்த்தேன், விலை 749 ஆனது. சிலர் போய்விட்டார்கள். வந்தவர்கள் போதும்.

பணம் வாங்குவது யுபிஐயில். ஒருவர் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நானும் அன்றே பார்சல் போட்டேன். ராத்திரி பார்த்தால் கணக்கில் பணமே ஏறவில்லை. படம் போலி. இப்போது என் வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகுதான் பெட்டியை மூடுவேன். பணம் பெறுவதற்கு நாம் பின் நம்பர் போடத் தேவையே இல்லை என்பதையும் வீட்டில் போனை எடுக்கும் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜிஎஸ்டியைத்தான் கடைசி வரை தள்ளிப்போட்டேன். ஆடிட்டர் சொன்னது இது: தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் ஊசியும் நூலும் கைவினைப் பொருள் ஆகாது. பெங்களூரு வெளி மாநிலம் என்பது தெரியும். புதுச்சேரியும் காரைக்காலும் அதே கணக்கில் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பதிவு ஆகும் வரை அந்த ஊர் ஆர்டர்களை எல்லாம் நிறுத்தி வைத்தேன். வீடு மாமனார் பேரில் இருப்பதால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் கேட்டார்கள். அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. விற்பனையே இல்லாத மாதங்களிலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் இலவசம்தான். ஆதாரை வைத்து நாமே செய்துகொள்ளலாம். கூகுளில் தேடினால் அதே மாதிரித் தெரியும் தனியார் தளங்கள் பணம் கேட்கும். முகவரியில் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி பதிவு கைக்கு வந்த அன்றே காரைக்காலில் காத்திருந்த ஒரு அம்மாவுக்கு கிட் போட்டேன். பத்து நாளில் ஒரு படம் அனுப்பினார்கள். கோணல்மாணலாக ஒரு மாங்காய், உள்ளே மூன்று வரிசை சங்கிலித் தையல். நூல் எங்கேயும் அறுந்திருக்கவில்லை. “அடுத்தது ஜர்தோசி கிட் போடுவீங்களாம்மா?” என்று கேட்டிருந்தார்கள். ஜரிகைக் கம்பி வைத்துத் தைக்கும் வேலை அது. நோட்டில் எழுதிக்கொண்டேன். இத்தோடு ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள்.