கப்பலூர்ல கப்பல் கத

சரக்குக் கப்பல்ல டெக் வேல பதினாறு வருசம் பாத்துட்டு இப்ப கப்பலூர்ல ஒரு குடோன் சூப்பர்வைசரா இருக்கேன். ஊர் பேர்லதான் கப்பல், கடலப் பாக்கணும்னா மூணு மணி நேரம் பஸ்ல போகணும்.

போன மாசம் ஒரு டிரான்ஸ்போர்ட்காரய்ங்க நாலு டிரெய்லர கேட்டுக்கு வெளிய கழட்டி விட்டுட்டு இன்ஜின மட்டும் ஓட்டிட்டுப் போயிட்டாய்ங்க. உள்ள நகட்ட வண்டி இல்ல, லோடுமேனுக நெழல்ல உக்காந்திருக்காய்ங்க, கூலி ஓடுது.

எனக்கு சீபீங்கிற ஒரு வகை சரக்குக் கப்பல் ஞாபகம் வந்துருச்சு. நான் அதுல ஏறுனதில்ல, எங்க பழைய சீஃப் ஆபீசர் சிகரெட் அட்டையில படம் போட்டுச் சொன்னதுதான். அமெரிக்காவுல லைக்ஸ் கம்பெனி 1970கள் ஆரம்பத்துல மூணு கப்பல் விட்டாய்ங்க. ஒவ்வொண்ணுலயும் 38 பார்ஜ், அதாவது இன்ஜின் இல்லாத மெதக்குற பெட்டி. பின்பக்கம் தண்ணிக்குள்ள எறங்குற ஒரு லிஃப்ட், ஒரே நேரத்துல ரெண்டு பார்ஜ், கிட்டத்தட்ட 2000 டன் தூக்கும். 1969ல வந்த லாஷ்ங்கிற இன்னொரு வகை பார்ஜ் கப்பல்ல இதே வேலைய கிரேன் பாக்கும்.

துறைமுகமே வேணாம், கரைக்கு அங்கிட்டு நின்னே பெட்டிய எறக்கிவிட்டுட்டு கப்பல் கெளம்பிரலாம். ராணுவத்துக்கு இது அல்வா மாதிரி, ஏன்னா சண்ட நடக்குற கரையில கப்பல் அணையுற மேடைய யாரு விட்டு வச்சிருப்பா. ஆனா பெட்டி தானா கரைக்குப் போகாதுல்ல, இழுக்க டக், அதாவது இழுவைப் படகு வேணும், கரையில கிரேன் வேணும், அல கொஞ்சம் பெருசாச்சுன்னா பார்ஜ் லிஃப்ட்டுல போயி மோதும். அதனால சீபீயோட அசல் மதிப்பு பார்ஜ்ல இல்லங்கிறது என் நெனப்பு. மேல் தட்டு நீளமா தொறந்து கெடக்கும், அதுல தரையிறங்கு படகையும் டக்கையும் மெதக்குற பாலத் துண்டுகளையும் ஏத்திட்டுப் போயி அப்பிடியே தண்ணியில விட்டுரலாம். யாவாரத்துல கன்டெய்னர்கிட்ட தோத்த அந்த மூணு கப்பலையும் பின்னாடி அமெரிக்க அரசு எடுத்து கேப் மே, கேப் மொஹிக்கன், கேப் மெண்டோசினோன்னு பேர் மாத்தி ராணுவத் தேவைக்குன்னு ரிசர்வுல வச்சுச்சு.

இத்தனையும் நான் சொல்லி முடிக்க, டேலி எழுதுற பையன் கேட்டான், "ஏண்ணே, அப்ப நம்மாளுக டிரெய்லர் மேலயே ஒரு டிராக்டர ஏத்தி விட்டிருக்கலாம்ல?"

மூணாம் நாள் பக்கத்துச் செங்கல் சூளையில டிராக்டர் கேட்டு வாங்கித்தான் இழுத்தோம். அதுக்கு குடுத்த 1,800 ரூவாய எந்தக் கணக்குல எழுதுறதுன்னு ஆபீஸ்ல இன்னும் பேசிக்கிட்டு இருக்காய்ங்க.