எல்லாவற்றையும் 0.8 ஆல் பெருக்கலாமா?

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளி அமுக்கம் 810 ஹெக்டோபாஸ்கலுக்குக் கிட்ட, அதாவது கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. மலையக வானத்துக்கு ஒளி உறிஞ்சல் கணக்கு (வளியில் உள்ள வாயுக்கள் சூரிய ஒளியை ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு குறைக்கும் என்ற கணக்கு) எழுத உட்காருபவருக்கு எல்லா வாயுவையும் 0.8 ஆல் பெருக்கிவிட்டு எழும்பத்தான் மனம் வரும். கணக்குப் பிழைத்துப்போவதும் அங்கேதான்.

ராலே சிதறலுக்கும் (வளி மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது) ஒட்சிசனுக்கும் அந்தப் பெருக்கல் பொருந்தும். 400 நானோமீற்றரில் கடல் மட்டத்தில் 0.36 ஆக இருக்கும் ராலே ஒளியியல் தடிப்பு (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு) இங்கே 0.29 ஆகும். ஓசோன் வேறு கதை. அதன் பெரும்பகுதி 20 கிலோமீற்றருக்கும் மேலே கிடப்பதால், மலை ஏறினாலும் இரண்டு சதவீதம் அளவில்தான் குறையும். மோதும் ஒட்சிசன் சோடிகளின் உறிஞ்சலோ அடர்த்தியின் வர்க்கத்தோடு போகும், அது 0.65 அளவுக்கு இறங்கிவிடும். நீராவியை ஊகிக்கவே கூடாது, அன்றன்றைய அளவீடு வேண்டும்.

நம் அகலாங்கில் ஓசோன் ஏறத்தாழ 260 டொப்சன் அலகு (தலைக்கு மேல் உள்ள மொத்த ஓசோனை அளக்கும் அலகு). ஓர் அலகுக்குச் சதுர சென்ரிமீற்றரில் 2.69×10¹⁶ மூலக்கூறு என்று போட்டால், 600 நானோமீற்றரில் தடிப்பு வெறும் 0.035. 300 நானோமீற்றரில் அதுவே 2.5 அளவுக்கு வரும். சூரியன் உச்சியில் இருக்கும்போதும் நேர்க்கதிரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 320 முதல் 340 நானோமீற்றர் வரை வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். ஓசோன் இருக்கும் இடம் 225 கெல்வின் அளவு குளிர். ஆய்வுகூட அறை வெப்பநிலை அட்டவணையை எடுத்தால் உறிஞ்சல் கூடத் தெரியும், அளந்த ஓசோன் குறைந்து வரும்.

760 நானோமீற்றர் ஒட்சிசன் பட்டையில் ஒவ்வொரு உறிஞ்சல் கோடும் நானோமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட அகலமில்லை. நிறமாலைமானியோ 0.5 நானோமீற்றரைத்தான் பிரித்துப் பார்க்கும். முதலில் நுண்ணிய அலைநீளப் படியில் கடத்தலை, அதாவது தப்பி வரும் ஒளியின் பங்கை, கணித்து, பிறகுதான் கருவியின் அகலத்துக்குச் சராசரியாக்க வேண்டும். தடிப்பையே சராசரியாக்கினால் ஒளியை ஏறக்குறைய முழுதாக விழுங்கி நிரம்பிப்போன கோடுகள் மிகையாக உறிஞ்சும். நேரம் மிச்சம் என்று இதைச் செய்கிறவர்கள் இன்றும் உண்டு.

இன்னொரு தொல்லை, வாயுக்களின் உறிஞ்சல் கோடுகளைப் பட்டியலிடும் ஹைட்ரான் (HITRAN) தரவுத்தளம் வெற்றிட அலையெண்ணில் (வெற்றிடத்து அலைநீளத்தின் தலைகீழ்) இருப்பது. பாதரச விளக்கின் 546.07 நானோமீற்றர் கோடு காற்றில் சொன்ன எண், வெற்றிடத்தில் 546.23. இரண்டையும் கலந்தால் மீதி வளைவில் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசம்) ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

பிற்பகலில் மூடுபனி இறங்கினால் மேற்சொன்ன எதுவும் போதாது. துளிகளுக்குள் முட்டி மோதி ஒளி நீண்ட பாதை போகும். 477 நானோமீற்றரில் ஒட்சிசன் சோடிப் பட்டை தெளிந்த வானக் கணக்கைவிட ஆழமாக வந்தால், அந்த நிறமாலையைத் தனியாக ஒதுக்கி, முகிலைச் சேர்த்த கணக்கில் மட்டும் ஓட்டுவது பாதுகாப்பு.