மீன் சந்தைப் பக்கத்து ராமென்

ஜப்பானின் ஃபுகுவோகாவில் நேற்றிரவும் நாகஹாமா ராமென்தான் சாப்பிட்டேன்; மீன் சந்தை இருக்கும் நாகஹாமா பகுதியின் நூடுல்ஸ் சூப் இது. பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுத்த, பாலாக வெளுத்த சூப்; அதில் மெல்லிய நூடுல்ஸ். மீன் சந்தைத் தொழிலாளர்களுக்குக் காத்திருக்க நேரம் ஏது? அவர்களுக்காகவே சட்டென்று வேகும் இந்த இழை. ஆனால் சூப்பில் சீக்கிரம் குழைந்துவிடும். அதனால் முதலில் அளவாகத்தான் போடுகிறார்கள். சூப்பை மிச்சம் வைத்துக்கொண்டு 'கயேதமா' என்று குரல் கொடுத்தால், அப்போதுதான் வெந்த நூடுல்ஸ் மறுபடியும் கிண்ணத்தில் விழுகிறது. சாப்பிடுபவரின் பசியை இவ்வளவு அக்கறையாக நினைத்துப் பார்த்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது! எள்ளும் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் மேசையிலேயே இருக்கும். இஞ்சியை மட்டும் கடைசியில் சேருங்கள். முதல் வாய் சூப் கலப்பில்லாமல் இறங்க வேண்டும். உறிஞ்சிச் சாப்பிடக் கூச்சமே வேண்டாம், கடை முழுக்க அதே சத்தம்தான்.