தூக்கம் வரல என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த இரண்டரை வருடம்

2021-ல் ஹவில்தாராகப் பணி முடித்து ஊருக்கு வந்தேன். மதராஸ் ரெஜிமெண்ட், 24 வருடம். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். ஊர் எல்லையில் மாலை போட்டு, பத்தாயிரம் வாலா வெடி போட்டு அழைத்துப் போனார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வெடி நிற்கிற வரைக்கும் என் மனைவியின் கையை எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்றால் அவள் போட்டிருந்த கண்ணாடி வளையலில் மூன்று உடைந்து கையைக் கிழித்துவிட்டது. அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்றைக்கு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டரை வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவேன், கொல்லைக் கதவைப் பார்ப்பேன், அப்படியே வரப்பில் இறங்கி போர்செட் வரைக்கும் போய் வருவேன். மிலிட்டரிக்காரர் இன்னும் டியூட்டி பார்க்கிறார் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய் நிற்கிறது அல்லவா, சம்பா நடவு நேரத்தில் ஒருநாள் அது தாழப் பறந்தபோது நாற்றுக்கட்டோடு சேற்றில் குப்புறப் படுத்துவிட்டேன். நடவுப் பெண்கள் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் நினைத்தார்கள். பத்தாயத்து மூடி விழுகிற சத்தம் கேட்டால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். குடியும் இருந்தது. கேண்டீன் கோட்டா எப்படியும் வரும், அதில் பாதி கல்யாணம் காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள், மீதி எனக்கு.

இதற்கு நான் வைத்தியம் பார்க்காமல் இல்லை. பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். தூக்கம் வரல சார் என்றேன். மாத்திரை எழுதினார். ஒரு மாதம் கேட்டது, பிறகு ஒன்று இரண்டாயிற்று, எட்டு மாதம் அப்படியே ஓடியது. ஏன் தூக்கம் வரவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, நானும் அந்த இரண்டு சொல்லுக்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. பணி முடிந்து வரும்போது நடக்கும் மெடிக்கலிலும் இதையே செய்தேன். ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார்கள், ஒன்றும் இல்லை சாப் என்றேன். ரயில் டிக்கெட் பையில் இருந்தது, மெடிக்கல் போர்டில் ஏதாவது எழுதினால் இன்னும் ஒரு மாதம் இழுக்கும் என்று பயம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அடுத்த வருடம் பணி முடித்து வருவதாக இருந்தால், தயவுசெய்து அங்கேயே சொல்லிவிடுங்கள். அங்கே காகிதத்தில் ஏறாத நோயைப் பிற்பாடு பணியால் வந்தது என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம், வைத்தியமும் அத்தனை வருடம் தள்ளிப்போகும்.

2024 தை மாதம், அறுப்பு முடிந்த நேரம். பால்காரருக்குப் பணம் கொடுக்க என் மனைவி வீட்டில் இல்லை, நானே பால் கணக்கு நோட்டை எடுத்தேன். தேதி, எத்தனை லிட்டர் என்று வரிசையாக எழுதியிருந்தாள். அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் வேறொன்றும் இருந்தது. "14: பால் ஒன்றரை. ராத்திரி 3 தடவை எழுந்தார். பெட்டிய மூடாதன்னு கத்தினார்." "19: பால் வேண்டாம்னு சொல்லிட்டேன். சின்னவ பயந்து எங்கூட வந்து படுத்தா." "23: தூங்கினார். சாமிக்கு விளக்கு போட்டேன்." இப்படி பதினாறு மாதம். நான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டி என்று அவள் எழுதியிருப்பது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். காஷ்மீர் குப்வாராவில், தீவிரவாதிகளை எதிர்க்கும் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படையில் இருந்தபோது, காலையில் ரோடு ஓப்பனிங், அதாவது வண்டிகள் போகும்முன் ரோட்டில் வெடி இருக்கிறதா என்று பார்க்கப் போன பார்ட்டியில் என்னோடு இருந்த மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் கண்ணிவெடியில் போய்விட்டான். உடல் ஊருக்குப் போனது. அவன் பெட்டியைத் திறந்து சாமான் பட்டியல் எடுக்கிற வேலை எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும். ஒருவர் எடுத்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். சட்டை நாலு, போர்வை ஒன்று, வைத்தீஸ்வரன்கோயில் திருச்சாந்து உருண்டை ஒரு பொட்டலம், ஒரு சின்ன டைரி. டைரியில் யார் யாருக்குக் கைமாற்று கொடுத்தான் என்ற கணக்கு. அதில் என் பெயருக்கு நேராக 350 ரூபாய். நான்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். டைரி ஒன்று என்று மட்டும் சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினேன். அந்த மூடிச் சத்தம்தான்.

மனைவி வந்ததும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டேன். "நாளைக்கேவாங்க?" என்றாள். ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்பது முதல் பயம். சம்பாதித்த சர்வீஸ் பென்ஷனை மனநோய்க்கு வைத்தியம் பார்த்தோம் என்பதற்காக யாரும் தொட முடியாது, இது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது, ஊர். அது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி நடைமுறை. முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும் என்று 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் மனநல சிகிச்சையும் உண்டு, அதற்குத் தனியாக எந்த விண்ணப்பமும் கிடையாது. உங்கள் கார்டோடு அந்தத் திட்டத்தின் மருத்துவமனையான பாலிகிளினிக் போய் மெடிக்கல் ஆபீசரைப் பார்க்க வேண்டும், அவர் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் போடுவார். எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ராணுவ டாக்டர். வழக்கம்போல தூக்கம் வரல சார் என்று ஆரம்பித்தேன், என் மனைவி ஒன்றும் பேசாமல் நோட்டை மேஜையில் வைத்தாள். அவர் நாலு பக்கம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எந்த செக்டர் என்று இந்தியில் கேட்டார். அப்போதுதான் முதல்முறையாக இன்னொரு ஆளிடம் அந்தக் காலையைப் பற்றிப் பேசினேன்.

ரெஃபரல் வாங்கும்போதே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: திட்டத்தில் சேர்ந்திருக்கிற எல்லா ஆஸ்பத்திரியும் மனநலத்துக்கும் சேர்ந்திருக்காது. நாங்கள் அது தெரியாமல் முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருநாள் வீண். வீணானதுகூடப் பரவாயில்லை, கவுண்ட்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, பின்னால் முப்பது பேர் நிற்க, "மனநோயா? அது இங்க இல்லீங்க" என்று சத்தமாகச் சொன்னார். நான் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி அங்கேயே நின்று, எங்கே இருக்கிறது என்று விசாரித்து எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தாள். 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நம் நோயைப் பற்றிய ரகசியத்தைக் காப்பது நமக்கு உள்ள உரிமை என்றே எழுதியிருக்கிறது. கவுண்ட்டரில் இருக்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தில் திரும்பிப் போய் மறுபடி வராதவர்கள் எத்தனை பேரோ.

மனநல மருத்துவர் ஒரு பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். முதல் நாளே முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். சாகத் தோன்றியிருக்கிறதா என்று நேராகக் கேட்டார். தோன்றியிருக்கிறது என்றேன், பக்கத்தில் மனைவி இருக்கும்போதே. வீட்டில் துப்பாக்கி உண்டா என்பது அடுத்த கேள்வி. செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கியது ஒன்று இருந்தது. இன்றைக்கே அது வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றார். சாயந்திரமே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். எனக்கு மனம் நொந்தது, உண்மை. ஆனால் இந்த வைத்தியத்தில் எது என்னை முதலில் காப்பாற்றியது என்று கேட்டால் அந்த ரசீதைத்தான் காட்டுவேன்.

குடியை அன்றே நிறுத்திவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். கூடாது என்றார். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம் மட்டுமல்ல, வலிப்புகூட வரலாமாம். அதனால் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்து நிறுத்தினார்கள். பழைய தூக்க மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். செர்ட்ராலின் என்ற மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம், மனதில் ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாம் என்று நினைக்கிற இடம் அதுதான், நிறுத்தாதீர்கள். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தேன், வெளிச்சம் வந்திருந்தது.

மாத்திரை பாதி வேலைதான். மீதி உளவியலாளரிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், அந்தக் காலையை முதலில் இருந்து கடைசி வரை, என்ன பார்த்தேன், என்ன வாசனை, யார் என்ன சொன்னார் என்று வரிசை மாறாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் மூன்று தடவையும் டைரி வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். நாலாவது தடவை 350 ரூபாயைச் சொன்னேன். அவர் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை, தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் சூடு குறைகிறது, அவ்வளவுதான் எனக்கு விளக்கத் தெரியும். அந்த 350 ரூபாயை மன்னார்குடிக்குக் கொண்டுபோய் அவன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். இன்னும் போகவில்லை.

நடுவில் தாங்க முடியாத ராத்திரிகள் உண்டு, அப்போது அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ். எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கியது. 2023 டிசம்பரில் பூனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படைக்காரர்களுக்கும் குடும்பத்துக்கும் என்றே ஒரு பிரிவும் திறந்தார்கள். நான் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். என் மனைவி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள், அவளுக்காக. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினாறு மாதம் பக்கத்தில் விழித்திருந்தவளுக்கும் தூக்கம் போயிருக்கிறது, அவளையும் ஒருவர் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

என் அம்மா இதெல்லாம் காற்று சேஷ்டை என்றுதான் ஆரம்பத்தில் இருந்தே சொன்னார். குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் வைக்க வேண்டும், பெருமாள் பார்த்துக்கொள்வார் தம்பி என்று ஒரே பிடிவாதம். டாக்டரிடமே கேட்டேன். தாராளமாகப் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள், மாத்திரையை ஒருநாள்கூட விடாதீர்கள் என்றார். ஒருநாள் போய்த் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்தோம், அம்மாவுக்குப் பாதிப் பாரம் இறங்கியது. வீட்டில் பெரியவர்களோடு சண்டை போட்டு வைத்தியம் பார்க்க முடியாது.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. பாலிகிளினிக்கில் சில மாதம் ஸ்டாக் இருக்காது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள், இல்லை என்று எழுதி வாங்கினால்தான் வெளியே வாங்கியதற்குப் பணம் கேட்க முடியும். நாலு நாள் விட்டுப் பார்த்தேன், தலைக்குள் மின்சாரம் அடிப்பதுபோல் இருந்தது.

ஊர் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் சாவுக்கும் வேட்டுப் போடுவார்கள், பாடை எடுத்ததில் இருந்து சுடுகாடு வரைக்கும். ஒருநாள் அதில் மாட்டிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து நடுங்கினேன், இளந்தாரிப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று மறுநாள் டீக்கடையில் நானே சொன்னேன், இது ஒரு நோய், வைத்தியம் பார்க்கிறேன், திடீர் வெடிதான் எனக்கு ஆகாது, முன்னாடியே தெரிந்தால் சமாளித்துக்கொள்வேன் என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கொளுத்துவதற்கு முன்னால் யாராவது ஒருவன், "மிலிட்டரி மாமா, இன்னும் அஞ்சு நிமிஷத்துல வைக்கிறோம்" என்று போன் பண்ணிவிடுகிறான். போன வாரம் மேலத்தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். போன் வந்தது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு துண்டைத் தோளில் போட்டுக் கிளம்பினேன், சுடுகாடு வரைக்கும் கூட நடந்து போய்விட்டு, குளித்து வீட்டுக்கு வந்தேன்.