அப்படித்தான்மா

"இந்த ஊசி அப்படித்தான்மா. கோர்ஸ் முடிஞ்சா சரியாயிடும்."

இவ்வளவுதான் சொன்னேன். பொய்யும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாகியும் உறுத்துகிறது.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி-க்கு அப்போது வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சிரிஞ்சின் குளிர் போகக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த ஐயா முதல் வாரங்களில், "குடுங்க சிஸ்டர், நானே வெச்சுக்கறேன்" என்று வாங்கி, உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு தன் கடைக் கதையெல்லாம் பேசுவார். பத்தாவது வாரம் வாங்கியதை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"பேத்தி மடியில ஏறினாக்கூட இறக்கி விட்டுடறார் சிஸ்டர். பேச்சே இல்ல. ஆனா நான் எழுந்தா மட்டும் எங்க போறேன்னு கேக்கறார்" என்றார் மனைவி. அதற்குத்தான் அந்தப் பதில்.

வரிசையில் ஆள் நின்றது. டாக்டர் கேட்டால் அவரே "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஷீட்டில் ஹீமோகுளோபினுக்கும் பிளேட்லெட்டுக்கும் கட்டம் உண்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுத? சரி, ஓரத்தில் எழுதியிருக்கலாம். டோஸைக் குறைக்கலாம், மனச்சோர்வுக்கு மாத்திரை சேர்க்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இன்டர்ஃபெரான் 1957-ல் கண்டுபிடித்தது. வைரஸ் நுழைந்தால் நம் செல்களே சுரக்கும் புரதம். காய்ச்சலன்று யாரும் பேச வேண்டாம் என்று போர்த்திக்கொண்டு படுக்கிறோமே, அதற்குப் பின்னாலும் இந்த மாதிரிப் புரதங்கள்தான். நமக்கு அது இரண்டு நாள். அவருக்கு 24 வாரம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். கலிபோர்னியாவில் நல்ல ஆரோக்கியமானவர்களுக்குப் பாக்டீரியா நச்சைத் துளியூண்டு ஏற்றி, அந்த மாதிரிப் புரதங்களைச் சுரக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரிடமிருந்தும் விலகிப்போன மாதிரி இருந்ததாம். நெருங்கியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கூடியதாம். இதைப் படித்தபோது அந்த "எங்க போறே"தான் காதில் விழுந்தது.

16 வாரம் வந்தார், அப்புறம் வரவில்லை. பாதியில் விட்டவர்கள் அப்போது நிறையப் பேர். 2015-க்குப் பிறகு மாத்திரையே வந்துவிட்டது, 12 வாரம்தான். நான் எல்லாம் விளக்கியிருந்தால் பத்தாவது வாரமே நின்றிருப்பாரோ என்னவோ.

ஆனால் அவராக மாறவில்லை, மாற்றியது ஊசி என்பதை நான் அந்த அம்மாவிடம்தான் சொன்னேன். ஐயா இரண்டடி தள்ளி, சட்டையின் கடைசிப் பித்தானைக் கழற்றிவிட்டு, ஊசிக்காக வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.