ஏரோபீ 150 (1:12): பூஸ்டர் சட்டம் கோணாமல் நின்றது

நின்றுவிட்டது! செய்துகொண்டிருப்பது ஏரோபீ என்ற அமெரிக்க ஆய்வு ராக்கெட்டின் 1:12 மாடல்; அதன் பூஸ்டருக்கும் (கிளம்பும்போது தள்ளிவிடும் அடி ராக்கெட்) மேல் உடலுக்கும் நடுவே வருவது இந்தக் கம்பிச் சட்டம். சட்டத்தின் அடி வளையத்தை ஒரு மரக்கட்டையில் பொருத்தி, மேலே 60 செ.மீ. உடலை உட்காரவைத்து, பக்கத்தில் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் மூக்கு நுனி நூலை விட்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை. ஏரோபீயில் கை வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எடுத்துக்கொண்டது 1962 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்திலிருந்து போன ஏரோபீ 150. உள்ளே கதிர்வீச்சை எண்ணும் மூன்று கைகர் கவுண்டர்கள், 225 கி.மீ. உயரம், 80 கி.மீ.க்கு மேலே இருந்தது வெறும் 350 விநாடி. அதற்குள் விருச்சிகத்தின் திசையில் எக்ஸ்-கதிர் மூலம் ஒன்று அகப்பட்டது. அதுதான் ஸ்கோ எக்ஸ்-1. அந்த ஆய்வுக் குழுவை நடத்திய இயற்பியலாளர் ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் வந்ததில் இந்த ஆறு நிமிடத்துக்கும் குறைவான அளவீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏரோபீ ஆயிரத்துக்கும் மேல் பறந்திருக்கிறது; கருவிப் பகுதி ஒவ்வொன்றிலும் மாறும். அதனால் ‘பொதுவாக ஒரு ஏரோபீ’ என்று ஆரம்பித்தால் அளவு எதுவும் ஒன்றோடொன்று சேராது. படம் தேடும்போது 150, 150ஏ இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 150க்கு மூன்று துடுப்பு, 150ஏ-க்கு நான்கு.

1:12 ஏன் என்றால், அசல் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. பன்னிரண்டால் வகுத்தால் 31.75. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 32 மி.மீ. பிவிசி கன்ட்யூட் (வயர் இழுக்கும்) பைப்பின் வெளிவிட்டம் அப்படியே பொருந்துகிறது. கால் மில்லி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சுற்றளவு 100.5, துடுப்புக் கோடுகளுக்கு இடையே 33.5. தண்ணீர் பைப் வேண்டாம், சுவர் தடிமன், எடை கூடிவிடும். கன்ட்யூட்டிலும் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. கடைக்குப் போகும்போது வெர்னியரை எடுத்துப் போங்கள்.

இனி சட்டம். ஏரோபீயில் மேல் எஞ்சின் பூஸ்டர் எரிந்து முடியும்வரை காத்திருக்காது. ஏவுகோபுரத்துக்குள்ளேயே அதுவும் பற்றிக்கொள்ளும். அந்தத் தீ வெளியேற வழி வேண்டும் என்பதால்தான் இரண்டுக்கும் நடுவில் மூடிய குழாய் இல்லாமல் திறந்த கம்பிச் சட்டம் வைத்தார்கள். பூஸ்டர் இரண்டரை விநாடியில் வேலையை முடித்துக் கழன்றுவிடும். பலர் இந்த இடத்தைப் பிளாஸ்டிக் குச்சி, ஃபெவிக்விக் வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேலே இருக்கும் உடலின் கனத்தில் ஒட்டு மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்து முழு ராக்கெட்டும் சாயும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வளையத்தின் வெளிவிட்டம் 28 மி.மீ. மூன்று புறத்தில் ஒரு புறம் அரை மில்லி குட்டையானாலும் 60 செ.மீ. மேலே மூக்கு நுனி 15 மி.மீ. தள்ளிப் போய்விடும்.

எனவே பித்தளைதான். 1.6 மி.மீ. பித்தளை பிரேசிங் ராடு வெல்டிங் கடையில் கிடைக்கும், வெறும் ராடாகக் கேளுங்கள். ஃப்ளக்ஸ் (உலோகம் ஒட்ட உதவும் பூச்சு) பூசியது வேண்டாம். ஸ்டெயின்லெஸ் கம்பி பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கினால் சாதாரண ஃப்ளக்ஸுக்கு சால்டர் ஈயம் அதில் ஒட்டவே ஒட்டாது. வளையத்துக்கான கம்பியை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டு, 24 மி.மீ. உருளையில் சுற்றினால் கொஞ்சம் விரிந்து நமக்கு வேண்டிய அளவுக்கு வந்து நிற்கும். குறுக்குக் கம்பிகள் எத்தனை, எந்தச் சாய்வு என்பதைப் படத்தில் எண்ணிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைஸில் பிடித்து முனைகளைச் சேர்த்து அரம் போடுங்கள். தனித்தனியாக வெட்டினால் நீளம் ஒன்றுபோல் வராது. பிறகு ஒவ்வொரு முனையிலும் வட்ட ஊசி அரத்தால் சின்னப் பள்ளம். வளையம் அதில் உட்காரும்.

சால்டர் ஆகும்வரை பாகங்களை இடத்தில் பிடித்துவைக்கும் ஜிக், இரண்டு தேக்குத் தட்டு. கடைசல் பட்டறையில் விளிம்பில் படி எடுத்து வாங்கியது, வளையம் அந்தப் படியில் இறுகி நிற்கும். நடுவே 6 மி.மீ. த்ரெட் ராடு, நான்கு நட்டு. அவைதான் உயரத்தைப் பிடிக்கின்றன. அலுமினியத் தட்டு கூடாது, சூட்டை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மரம் லேசாகக் கருகும், கருகட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நட்டை இறுக்கும்போது தட்டும் கூடவே திரும்பும். மேல் வளையமும் கீழ் வளையமும் நான்கைந்து டிகிரி முறுக்கிக்கொள்ளும், அது சால்டர் ஆன பிறகுதான் கண்ணில் படும். இதற்கு மருந்து, மையத்தை விட்டுத் தள்ளி இரண்டு தட்டிலும் சேர்த்து 3 மி.மீ. துளை போட்டு ஒரு நேரான கம்பியைச் செருகுவது. அதற்கப்புறம் தட்டு அசையவே அசையாது.

அடுத்த சிக்கல் சூடு. கம்பிகள் மூன்று செ.மீ. கூட இல்லை, இரண்டாவது இணைப்புக்குச் சூடு கொடுத்தால் முதல் இணைப்பு உருகிக் கழன்றுவிடும். ஈரப் பஞ்சு சுற்றுவது ஓரளவுக்குத்தான் உதவும். முழுத் தீர்வு இரண்டு வகை சால்டர் ஈயம். முதல் வளையத்துக்கு லெட்-ஃப்ரீ, அதாவது காரீயம் கலக்காத வெள்ளீயம்-செம்பு வகை, 227 டிகிரியில் உருகும். இரண்டாவது வளையத்துக்கு 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), அது 183 டிகிரி. இடையே 44 டிகிரி இடைவெளி இருப்பதால், கை கொஞ்சம் தாமதித்தாலும் முதல் பக்கம் அசைவதில்லை. 25 வாட் அயர்ன் போதாது. 60 வாட், அகல முனை. ரோசின் ஃப்ளக்ஸ் இந்தப் பித்தளைக்குச் சரியாக வேலை செய்யாது, சிங்க் குளோரைடு வேண்டும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசுங்கள். அமிலம் மிச்சம் இருந்தால் பெயின்டுக்கு அடியில் பச்சை பூத்துக் கிளம்பும். பைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த இணைப்பையும் சூடாக்காதீர்கள். பிவிசி 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும்.

சட்டத்தை உடலோடு ஒட்டப்போவதில்லை. உடலின் அடித்தட்டில் ஒரு படி கடைந்திருக்கிறது. வளையம் அதில் செருகி நிற்கிறது. கழற்றிவைத்தால் எஞ்சின் வாய் முழுதாகத் தெரியும்.

மூக்குக்கு வெட்பாலை மரம். பொம்மை கடைகிற மரம், நார் எழும்பாது, நுனியைக் கூராக இழுத்தாலும் பிளக்காது. நீளம் 186 மி.மீ., அடி ஆரம் 16. மூக்கின் பக்கம் நேர்க்கோடு அல்ல, வில்; அந்த வளைவின் ஆரம் 1089 மி.மீ. வருகிறது. ஒரு மீட்டருக்கு மேல் நூல் கட்டித் தரையில் வில் வரைந்து, தகரத்தில் வெட்டி டெம்ப்ளேட்டாகக் கொடுத்தால்தான் கடைசல்காரர் கண் அளவில் கூம்பாக இழுத்துவிடாமல் இருப்பார். உடலின் மேல் நீளவாக்கில் ஓடும் குழாய் மூடிகளுக்கு, கட்டட மாடல் செய்கிறவர்கள் வாங்கும் அரைவட்டப் பிளாஸ்டிக் பட்டை நன்றாக இருக்கிறது. ஆன்லைனில் மீட்டர் கணக்கில் தருகிறார்கள்.

பூஸ்டர் துடுப்பு இன்னும் வெட்டவே இல்லை. 1 மி.மீ. அலுமினியத் தகடு எடுத்தாயிற்று, முன் விளிம்பைச் சீவுவதற்கு மரத்தில் ஒரு சரிவு ஜிக் முதலில் செய்ய வேண்டும். அது முடிந்தால் ஏவுகோபுரத்தின் கீழ்ப்பகுதி மட்டும், அதே 1.6 ராடில், அதே இரண்டு ஈயத்தில்.