லீட்ஸ் நகரத்துப் பழைய கோட்டுகள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் வாடகைக்கு இடம் தேடும்போது, எனக்கு முன்னால் இங்கே வந்து குடியேறியிருந்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே விஷயம், ஹேர்ஹில்ஸ் பக்கம் மட்டும் போகாதே என்பதுதான். ஆனால் வாடகை அங்கேதான் குறைவு, நான் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனை ஆய்வகத்துக்கும் நடந்தே போய்விடலாம், அதனால் அங்கேயே ஒரு அறை எடுத்தேன். பக்கத்திலேயே ஹட்சன் ரோடு. 1930களில் 10,000 பேருக்கு மேல் வேலை பார்த்த பர்ட்டன் தொழிற்சாலை இருந்தது அந்த ரோட்டில்தான். ஆண்களுக்கான சூட், அதுவும் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து, நாடு முழுக்க இருந்த கடைகளிலிருந்து அளவுச்சீட்டு இங்கே வந்துசேர, இங்கே வெட்டித் தைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது அங்கே யாரும் கோட் தைப்பதில்லை. ஆனால் தைத்த கோட்டுகள் இன்னமும் இந்த ஊரில் கிடைக்கின்றன.

நான் ஈரோட்டில் ஒரு டெய்லர் வீட்டுப் பிள்ளை. பள்ளி விடுமுறை என்றால் அப்பா கடையில் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும்தான் எனக்கு வேலை. படித்து முடித்து ஆய்வகத் துறைக்கு வந்தபிறகு ஊசி நூலைத் தொட்டதே இல்லை. இங்கே வந்த முதல் அக்டோபரில் குளிர் தாங்காமல், நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் சாரிட்டி கடை ஒன்றில் ஹேங்கரில் தொங்கிய கனமான சாம்பல் நிறக் கோட் ஒன்றைச் சில பவுண்டு கொடுத்து வாங்கினேன். அறைக்கு வந்து உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், கைக்குள் இருக்கும் லைனிங் மட்டும் வெள்ளையில் கோடு போட்ட துணி, உடம்புப் பகுதி லைனிங் வேறு. அன்றிரவு வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். காலர் மடிப்பில் இருந்த காஜாவை போனுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். "கைக் காஜாடா இது. மிஷின்ல வராது. எந்த வருஷத்துக் கோட்டுன்னு கேட்டியா?" என்றார். கேட்க ஆள் இல்லை. கோட்டையேதான் கேட்க வேண்டும்.

அதற்கு நான் கற்றுக்கொண்ட முதல் விதி இதுதான்: ஒரு உடுப்பில் முதலிலிருந்தே இருந்த பாகங்களில் எது மிகப் புதியதோ, அதைவிடப் பழையதாக அந்த உடுப்பு இருக்க முடியாது. பட்டனை மாற்றியிருப்பார்கள், லைனிங்கைப் புதிதாகப் போட்டிருப்பார்கள், அதனால் எது முதலிலிருந்தே இருந்தது என்று தையலைப் பார்த்து முடிவு செய்வதுதான் பாதி வேலை. வெளித்தோற்றத்தை நம்புவதில் எனக்கு விருப்பமில்லை. அகலமான காலர் மடிப்பு 1940களிலும் வந்தது, 1970களிலும் வந்தது. பெரியவர்கள் தங்கள் இளம் வயதில் பழகிய வெட்டையே சாகும்வரை கேட்டு வாங்குவார்கள், எங்கள் கடையிலும் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் உண்டு.

கோட்டின் உள்பாக்கெட்டுக்குள் கையை விட்டால் சில சமயம் வேலை உடனே முடிந்துவிடும். அளவெடுத்துத் தைக்கும் நல்ல டெய்லர்கள் அங்கே ஒரு சிறு துணிச்சீட்டைத் தைத்து, வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் மையில் எழுதிவைப்பார்கள். அது இல்லையென்றால் பேன்ட். இடுப்புப் பட்டிக்குள் சஸ்பெண்டர் மாட்டும் பட்டன்கள், பின்பக்கம் மீன் வால்போலப் பிளந்து உயர்ந்த இடுப்பு, முன்பக்கம் ஜிப்புக்குப் பதில் பட்டன் வரிசை என்று இருந்தால் பழசு என்று ஆசைப்படலாம். ஆனால் ஜிப் 1930களின் நடுவிலேயே ஆண்கள் பேன்ட்டுக்கு வந்துவிட்டாலும், பிரிட்டனில் பட்டன் வைப்பது அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. ஆகவே ஜிப் இருந்தால் அது ஒரு தகவல், இல்லாதது தகவலே இல்லை. வூல்மார்க் என்ற நூல்கண்டு முத்திரை இருந்தால் 1964க்குப் பிந்தையது, அதில் சந்தேகமே வேண்டாம். டெரிலீன் என்ற செயற்கை இழை கலந்தது என்று எழுதியிருந்தால் 1950களுக்கு முன்னால் போகாது. விலைச்சீட்டு ஷில்லிங்கில் இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தையது, அந்த மாதம்தான் இங்கே நாணய முறை மாறியது.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் உலகப் போர்க்கால உடுப்புகள். 1941 ஜூன் 1 அன்று பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் வருடத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன். ஒரு முழு சூட்டுக்கு, அதாவது கோட், வெய்ஸ்ட்கோட், பேன்ட் மூன்றுக்கும் சேர்த்து 26 கூப்பன் போய்விடும். ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கைப் படித்தபோது அந்த மனிதர்கள் சட்டென்று நெருக்கமாகிவிட்டார்கள். அதே வருடம் அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தி யுடிலிட்டி உடுப்புகளைக் கொண்டுவந்தது. அவற்றில் இரண்டு சி எழுத்துகளும் 41 என்ற எண்ணும் சேர்ந்த முத்திரை இருக்கும், ரெஜினால்ட் ஷிப் என்பவர் வடிவமைத்தது, 1952 வரை புழக்கத்தில் இருந்தது. அந்த முத்திரையைப் பார்த்ததுமே 1941 என்று விற்பவர்கள் நிறையப் பேர். அது அந்தத் திட்டம் வந்த வருடம், தைத்த வருடம் இல்லை.

அந்தப் பத்துச் சொச்ச வருடங்களுக்குள் எங்கே வைப்பது என்பதற்கும் வழி உண்டு. 1942இல் துணியை மிச்சப்படுத்த இன்னும் கடுமையான விதிகள் வந்தன. ஆண்களுக்கு இரட்டை மார்பு கோட், அதாவது முன்பக்கம் இரண்டு வரிசை பட்டன் வைத்தது, கூடாது, பேன்ட்டின் கால் விளிம்பை மேலே மடித்துத் தைக்கக் கூடாது, பாக்கெட்டுக்கும் பட்டனுக்கும் எண்ணிக்கை வரம்பு. ஆண்களுக்கு இதில் கடும் கோபம். பேன்ட்டை வேண்டுமென்றே நீளமாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1944 தொடக்கத்தில் விதிகளைத் தளர்த்தினார்கள். அப்புறம் 1945இல் படையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு சூட், சட்டை, டை, தொப்பி, மழைக்கோட், ஷூ என்று ஒரு முழுத் தொகுதியையே அரசாங்கம் கொடுத்தது. அந்த சூட்டுகளில் பெரும் பங்கு இந்த லீட்ஸில் தைத்தது.

என் அம்மாவுக்கு இதெல்லாம் துளியும் பிடிக்கவில்லை. "செத்தவங்க துணியப் போட்டுக்கிட்டுத் திரியறியே, உனக்கு என்ன தலையெழுத்து?" என்றார். இறந்தவர் உடுத்தியதை வீட்டில் வைக்காத ஊரில் வளர்ந்தவர் அப்படித்தான் சொல்வார், அவருக்கு நான் மறுப்பு சொல்லவில்லை. ஆனால் எனக்கு இந்த உடுப்புகளை அணிந்தவர்களைவிடத் தைத்தவர்கள்மீதுதான் கவனம் போயிற்று. லீட்ஸுக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1850களின் கடைசியில் ஜான் பாரன் என்பவர் மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தின் யோசனையை எடுத்து, பல அடுக்குத் துணியை ஒரே தடவையில் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தார். வெட்டிய துணிமலையைத் தைக்க ஆள் வேண்டுமே? 1880களிலிருந்து ரஷ்யப் பேரரசில் யூதர்கள் தாக்கப்பட்டு இங்கே ஓடிவந்தார்கள். லேலண்ட்ஸ் என்ற நெருக்கடியான பகுதியில் குடியேறி, சின்னச் சின்னப் பட்டறைகளில் உட்கார்ந்து அவர்கள்தான் தைத்தார்கள். 1917 ஜூனில் அவர்கள் வீடுகளையும் கடைகளையும் ஒரு கும்பல் புகுந்து அடித்து நொறுக்கியது.

பர்ட்டன் தொழிற்சாலையின் முதலாளியும் வந்தேறிதான். சர் மாண்டேக் பர்ட்டன் என்று ஆங்கிலேயர் கொண்டாடும் அந்த ஆள் லிதுவேனியாவில் ஒசின்ஸ்கி என்ற குடும்பத்தில் பிறந்தவர். 1900இல், 15 வயதில், தனியாக இந்த நாட்டுக்கு வந்து, தெருவில் பொருள் சுமந்து விற்று, உறவினரிடம் கடன் வாங்கிச் செஸ்டர்ஃபீல்டில் கடை போட்டவர். எங்கள் தெருவில் இன்று ருமேனியாவிலிருந்தும் எரித்ரியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே போகாதே என்று எனக்குச் சொன்னார்களே, அதே பேச்சை ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் லேலண்ட்ஸைப் பற்றியும் இந்த ஊர் பேசியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆங்கிலேயக் கனவான் என்றாலே நம் மனதில் வரும் அந்த உடுப்பை, இங்கிலீஷ் சரியாகப் பேச வராத ஆட்கள் உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகுதான் இந்த ஊரில் எனக்குக் கூச்சம் போயிற்று.

இப்போது என்னிடம் ஒரு பழுப்பு நிற மூன்று துண்டு சூட் இருக்கிறது. யுடிலிட்டி முத்திரை உண்டு, ஆனால் பேன்ட்டின் கால் மேலே மடித்துத் தைத்திருக்கிறது. அப்படியென்றால் 1942 விதிக்கு முன்னால், இல்லை 1944க்குப் பின்னால். அல்லது யாரோ ஒருவர் வீட்டில் மடித்தது. ஒரு காலின் தையல் நெருக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் இருப்பதால், வீட்டுத் தையல் என்பதுதான் என் முடிவு. அப்பாவும் அதையேதான் சொல்கிறார். "கடைல தச்சவன் ரெண்டு காலையும் ஒரே மாதிரிதான் அடிப்பான்" என்று.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பழைய சூட்டுகளில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் 34, 36 அங்குல மார்பளவு, இன்றைய ஆங்கிலேயருக்கு அவை பத்துவதில்லை. நம்மவர்கள் பலருக்கும் கச்சிதமாக இருக்கும். வாங்குவதற்கு முன் அக்குள் மடிப்பையும் காலரின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளித் துணியைத் தின்பது அந்தப் பூச்சியின் புழுதான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், புழுவும் முட்டையும் செத்துவிடும். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கோட் இருக்கும். கை நீளம் குறைவாக இருந்தால் விட்டுவிட்டு வராதீர்கள், முனையை உள்ளே பிரித்துப் பாருங்கள். பழைய டெய்லர்கள் அங்கே தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள்.